கட்டைப் பிரித்தது நான்தான்

மக்கா,

கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் பேசி முடிந்தது. பூவுக்கு நம்ம ஊர் மார்க்கெட்டிலேயே சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியெல்லாம் இல்லை. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன் நம்பரைக் கூப்பிட்டேன். நீ எடுத்ததும் அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். டிரிப் ஷீட் எழுதின பழக்கம்தான் உண்டு, கடிதம் எழுதின பழக்கம் கிடையாது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நீ பொறுமையாகப் படி.

நிச்சயதார்த்தத்தன்று தென்காசியில் பெண் வீட்டில் பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். உன் மாமனார் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர் மில்லில் இந்த வயசிலேயே சூப்பர்வைசராக இருக்கிறாய், நல்ல பொறுப்பான பையன் என்று. உன் அம்மா சிரித்துக்கொண்டே, "நீங்கதான் அண்ணாச்சி மெச்சிக்கிடணும். அவங்க அப்பா காலுக்கு மருந்து கட்டுலேன்னு சொன்னதுக்கு, முளைச்ச தோலையே உரிச்சு வச்ச ஆளு இவன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ கட்டிக்கொள்ளப் போகும் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "நெசமாவா?" என்று உன்னைக் கேட்டது. நீ, "ஆமா, அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாய். நான் வெற்றிலைத் தட்டை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டு அதில் பாக்கைத் தேடுவது போல இருந்தேன். உன் அம்மா சொன்னது நிஜம் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் நீ. இன்னொருவன் நான். அம்மாவுக்குத் தெரியாது. அவள் ஆறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்ததைத்தான் சொன்னாள்.

என் காலில் அந்தக் காயம் எப்படிப் பட்டது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் முழுசாக உன்னிடம் சொன்னதில்லை. இளையரசனேந்தல் டிரிப். காலையிலிருந்து தூறல். ஒரு நிறுத்தத்தில் வயசான அம்மா ஒருத்தி தலையில் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே நான் படியிலிருந்து குதித்தேன். ஓடும் வண்டியில் ஏறாதே, இறங்காதே என்று நான் ஏசாத காலேஜ் பிள்ளை இந்த வட்டாரத்தில் கிடையாது. ஆனால் எனக்கு மட்டும் குதித்து இறங்குவதுதான் பழக்கம். அன்றைக்கு ஈரத்தில் செருப்பு வழுக்கி, முழங்காலுக்குக் கீழே முன்னங்கால் முழுதும் படியின் விளிம்பில் உரசிக்கொண்டு போய், சரளையில் கொஞ்ச தூரம் இழுபட்டது. டிரைவர் சுடலைமுத்து அண்ணாச்சி பிரேக்கைப் போட்டு இறங்கி ஓடி வந்தார். நான் பேன்ட்டை விலக்கிப் பார்த்தபோது, தோல் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு, கவரின் மூடி போலத் திறந்து கிடந்தது. எலும்பு முறியவில்லை. அதனால் பெரிய காயம் இல்லை என்று நினைத்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு, அந்த மூட்டையை ஏற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். மூட்டையை ஏற்றியது வேறு யாரோ.

கழுவி, தோலைத் திரும்ப இழுத்து வைத்துத் தைத்தார்கள். ஒரு வாரத்தில் அந்தத் தோல் கறுத்துப் போய்விட்டது. ரத்த ஓட்டம் போய்ச் சேராமல் செத்துவிட்டது, சர்க்கரை வேறு ஏறிக் கிடக்கிறது என்று திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே செத்த தோலை வெட்டி எடுத்த பிறகு நானே என் காலைப் பார்க்கவில்லை. உன் அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். நீதான் பார்த்தாய். அளவு சொல்லச் சொன்னேன். "உங்க கை அளவு இருக்கும்ப்பா, விரலையும் சேத்து" என்றாய்.

அப்புறம் அந்த மிஷின். காயத்துக்குள் கறுப்பு ஸ்பாஞ்சை வெட்டி வைத்து, மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றைக் காற்றுப் புகாமல் ஒட்டி, அதிலிருந்து ஒரு ட்யூபை மிஷினில் கொண்டு போய்ச் சேர்த்திருந்தார்கள். காயத்தில் ஊறுகிற நீரை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நான் பாத்ரூம் போனாலும் நீ அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாய். மூன்று நாளைக்கு ஒரு தடவை பிரித்து மாற்றுவார்கள். டிரெஸ்ஸிங் ரூமில் எஸ்தர் சிஸ்டர் என்று ஒருவர் இருந்தார். அவர் உன்னை வெளியே அனுப்பவில்லை. பக்கத்தில் நிறுத்தி, "பாருங்க தம்பி, இப்ப மாட்டுக்கறி மாதிரி சிவப்பா இருக்கு பாத்தீங்களா, இது நல்ல சதை. வெளிறிப் போனாலோ, பச்சையா வந்தாலோதான் கவலைப்படணும்" என்று சொல்லிக்கொடுத்தார். நீ மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொண்டு போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அதையும் ஏசினேன். "வேலவெட்டி இல்லாதவனுக்குப் புண்ணப் படம் எடுக்கதுதான் பொழப்பா" என்று கேட்டேன். டிப்ளமோ முடித்து ஒரு வருஷமாக நீ வீட்டில் இருந்த கோபம் அது. பல்பை மாற்றச் சொன்னால் ஹோல்டரை உடைப்பவன் என்றுதான் உன்னைப் பற்றி என் மனசில் இருந்தது.

சதை நிரம்பி வந்ததும் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவி, வலை மாதிரி விரித்துக் காலில் வைத்தார்கள். ஐந்து நாள் கழித்துத் திறந்தபோது பெரிய டாக்டரே, "நல்லா பிடிச்சிருக்கு" என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது எஸ்தர் சிஸ்டர் உன்னை உட்கார வைத்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஒட்டாத வலை ஒன்று வைக்க வேண்டும். அதன் மேல் மெத்தை மாதிரியான ஃபோம். வெறும் துணியைப் படவிடக் கூடாது, அது காய்ந்து ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது புதுத் தோலும் கூட வந்துவிடும். ஃபோம் ஊறின நீரை வாங்கிக்கொள்ளும், அடியில் ஈரமும் இருக்கும், அந்த ஈரத்தில்தான் தோல் நகர்ந்து வந்து மூடும். மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றினால் போதும், நடுவில் ஆசைக்குக்கூடத் திறந்து பார்க்கக் கூடாது. இதையெல்லாம் கட்டிலில் படுத்துக்கொண்டு நானும்தான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நீ வீட்டில் அதை எப்படிச் செய்தாய் என்று இப்போது எழுதும்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாய். ஃபேனை அணைத்துவிடுவாய். புது டிரெஸ்ஸிங்கின் ஓரத்தில் பேனாவால் தேதி எழுதுவாய். நீர் ஊறி மேலே கறை தெரிந்தால் அந்தக் கறையைச் சுற்றிக் கோடு போட்டு வைத்து, மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பாய். அப்படி இரண்டு தடவை மாற்றினாய். இரண்டு தடவையும் எனக்கு வலிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஆரம்பத்தில் காய்ந்த துணியைப் பிய்க்கும்போது தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தவன் நான். உன் கையில் வலிக்கவில்லை என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாவது தடவைக்கு ஒரு நாள் முன்னால், நீ ஓசூர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய பேப்பர்களுக்கு நகல் எடுத்து, அப்படியே மருந்துக் கடைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாய். அந்த வேலை உனக்குக் கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது. பத்து நாளில் வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா ரேஷன் கடையில் இருந்தாள். பகல் பதினொரு மணி இருக்கும். சுடலைமுத்து அண்ணாச்சி என்னைப் பார்க்க வந்தார். காலை உற்றுப் பார்த்தார். ஃபோம் நீர் ஊறி உப்பிக் கிடந்தது. லேசாக ஒரு வாடையும் இருந்தது.

"என்னவே இது, இப்படிப் பொதிஞ்சு வச்சிருக்கு? உள்ள சீழ் பிடிச்சிருக்கும் போலுக்கே" என்றார்.

"அப்படித்தான் இருக்கும்னு சிஸ்டர் சொன்னாங்க அண்ணாச்சி. நாளைக்கு மாத்துதான் பய."

"பயலுக்கு என்ன தெரியும்? புண்ணுன்னா காத்துப் படணும்வே. காய்ஞ்சாத்தான் ஆறும். எங்க அக்கா மகனுக்கு அப்படித்தான ஆறுச்சு."

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். பிரித்தது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நீ எழுதின தேதியைப் பார்த்தேன். இந்தப் பயல் தேதி போட்டு எனக்குக் கெடு வைக்கிறானா என்று தோன்றியது. அதுதான் உண்மையான காரணம். சீழ் பயம் பாதி, அந்த எண்ணம் பாதி.

ஃபோம் சுலபமாக வந்துவிட்டது. வலையும் வந்துவிட்டது. அடியில் வெளிர் மஞ்சளாக, வழவழவென்று ஒரு படலம். எனக்கு அது சீழாகத் தெரிந்தது. குளியலறையிலிருந்து டெட்டாலை எடுத்து, பழைய துணியில் நனைத்துத் தேய்த்தேன். எரிந்தது. எரிந்தால் சுத்தமாகிறது என்று நினைத்து இன்னும் தேய்த்தேன். ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது. மேலே புண்ணுக்குப் போடுகிற மஞ்சள் பவுடரைக் கொட்டி, ஃபேனுக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தேன். ஈ வர ஆரம்பித்தது. அம்மா வருகிற சத்தம் கேட்டதும் ஒரு துணியை வைத்து, அதன் மேலே அதே பழைய ஃபோமை அமுக்கி, பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டேன்.

மறுநாள் நீ மாற்ற உட்கார்ந்தாய். ஓரத்தில் நீ எழுதின தேதி தலைகீழாக இருந்தது. நான் திருப்பி ஒட்டியிருக்கிறேன். நீ அதைப் பார்த்தாய். ஃபோமை எடுத்தால் அடியில் துணி காய்ந்து பலகை மாதிரி ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்புத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அரை மணி நேரம் ஊறவைத்து, நூல் நூலாக எடுத்தாய். எவ்வளவு மெதுவாக எடுத்தும் ஒரு பக்கம் தோல் அதோடு வந்துவிட்டது. உன் கை நின்றுவிட்டது.

"இத யாருப்பா பிரிச்சது?"

அம்மா கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னதை நான் மறக்கவில்லை. "யாரும் பிரிக்கல. போன மட்டம் நீ ஒழுங்கா ஒட்டல. அதான்" என்றேன்.

நீ அம்மாவைத் திரும்பிப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "வலிக்காப்பா?" என்று மட்டும் கேட்டாய். இல்லை என்றேன். வலித்தது.

இரண்டு நாள் கழித்துத் திருநெல்வேலியில் டாக்டர் பார்த்துவிட்டு, "வீட்ல யாரு டிரெஸ்ஸிங் பண்றது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால், "நான்தான் சார்" என்றாய். அவர் உன்னைப் பத்து நிமிஷம் நிற்க வைத்துப் பேசினார். படித்த பையன்தானே, சொன்னால் புரியாதா, ஒட்டாத வலையை எங்கே விட்டாய், இனி பாதி இடம் முதலிலிருந்து ஆற வேண்டும் என்று. வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கெல்லாம் கேட்டது. நீ "சரி சார், சரி சார்" என்று சொல்லிக்கொண்டு நின்றாய். நான் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் எப்படி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் அப்படிப் பார்க்கிறவனைத்தான் பிடித்து இறக்கியிருக்கிறேன்.

டிரெஸ்ஸிங் ரூமில் எஸ்தர் சிஸ்டர் காயத்தின் ஓரத்தைத் துடைத்தார். பஞ்சில் மஞ்சளாகப் பவுடர் வந்தது. அவர் அந்தப் பஞ்சை என் முன்னால் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். "இது தம்பி போட்டது இல்லையே சார்" என்றார். நீ அப்போது வெளியே மருந்து வாங்கப் போயிருந்தாய். நான் காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். அவர் பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். முதல் இரண்டு வாரம் கிருமிக்காக வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங், அப்புறம் பழையபடி வலையும் ஃபோமும். ஓசூரில் சேர வேண்டிய நாள் அந்த ஏழு வாரத்துக்குள் வந்து போய்விட்டது. நீ போன் பண்ணி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரு மாசம் தள்ளிச் சேரலாமா என்று கேட்டது எனக்கு அடுத்த ரூமில் கேட்டது. அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி நீ வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அம்மாதான் பேசினாள். கவனமில்லாமல் கட்டிவிட்டு, அதனால் வேலையையும் விட்டுவிட்டான் என்று சித்தி, மாமா, பக்கத்து வீடு எல்லோரிடமும் சொன்னாள். நான் மறுக்கவில்லை. நீ அதே மாதிரி கை கழுவி, ஃபேனை அணைத்து, தேதி எழுதி, கோடு போட்டு மாற்றிக்கொண்டே இருந்தாய். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. அதற்கப்புறம் மாற்றும்போது நீ என்னிடம் பேசுவதில்லை. கோபமாக இருப்பதாகவும் காட்டவில்லை.

கால் ஆறிவிட்டது. இப்போது அந்த இடம் மற்ற தோலைவிடக் கொஞ்சம் பளபளப்பாக, வலை வலையாக இருக்கிறது. பிடித்த பாதியில் தொட்டால் கொஞ்சம் உணர்ச்சி இருக்கிறது. நான் தேய்த்த பாதியில் தழும்பு கெட்டியாகி, மழைக்காலத்தில் அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். வெயிலில் போனால் மூடிக்கொள்கிறேன். நடக்க ஒரு குறையும் இல்லை.

ஏன் ஆறு வருஷம் சொல்லவில்லை என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். முதல் நாள் வெட்கம். டாக்டர் ரூமில் நீ பழியை எடுத்துக்கொண்ட பிறகு அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இப்போது சொன்னால் பொய் சொன்னதும், உன்னை ஏச்சு வாங்கவிட்டதும், வேலை போனதும் எல்லாம் சேர்ந்து வருமே என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாசமும் கூடிக்கொண்டே போயிற்று. கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அப்பா புத்தி சொல்வது வழக்கம். எனக்குச் சொல்லத் தகுதியுள்ள விஷயம் ஒன்றே ஒன்றுதான். வீட்டில் நீ எதையாவது கெடுத்துவிட்டால் அன்றைக்கே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடு. ஏச்சு விழும், வாங்கிக்கொள். அந்தப் பிள்ளை கெடுத்தால், உனக்குத் தெரிந்தாலும், நீ உன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளாதே. நீ எனக்குச் செய்ததைப் பெரிய காரியம் என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு நீ டாக்டர் முன்னால், "எங்க அப்பாதான் பிரிச்சாங்க" என்று சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். அப்புறம் சரியாகியிருக்கும். உன் அம்மா உன்னைப் பற்றி ஆறு வருஷம் தப்பாக நினைத்திருக்க மாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளிடம் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் இங்கே எழுதினதை எல்லாம், டெட்டாலையும் பவுடரையும் தலைகீழ்த் தேதியையும் விடாமல் சொன்னேன். அவள் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். "எத்தன பேர்ட்ட சொல்லியிருக்கேன் நான்" என்றாள். அப்புறம், "நீங்கதான் பிரிச்சீங்கன்னு அவனுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "தெரிஞ்சுக்கிட்டேதான் நான் சொல்லும்போதெல்லாம் கூடச் சேந்து சிரிச்சானா?" என்றாள். அவளே எழுந்து போய்த் தென்காசிக்குப் போன் போட்டு, உன் மாமியாரிடம், "அன்னைக்கு நான் சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னேம்லா, அது தப்பு. அவங்க அப்பா காலக் கெடுத்தது அவங்க அப்பாதான். எம்பிள்ள ஆத்தினவன்" என்றாள். பெண்ணிடமும் சொல்லிவிடுங்கள் என்று சொல்லி வைத்தாள். அன்றைக்கு முழுதும் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் அவள் உனக்குப் போன் பண்ணி, நீ "என்னம்மா, என்னம்மா" என்று கேட்கக் கேட்க ஒன்றும் சொல்லாமல் அழுதுவிட்டு வைத்துவிட்டாள். நீ பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாய். அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாய். கல்யாண வீடு இல்லையா, பெற்றவளுக்கு அழுகை வரத்தான் செய்யும் என்று நான் சொன்னேன். அதுவும் பொய். அவள் அழுதது இதற்குத்தான்.

அப்பா